சிலிண்டர் போரைப் பெருசாக்குறதுக்கு முன்னாடி ஃபில்டரைப் பாருங்க: ஏடிவி (மணல், மண்ணுல ஓட்டுற நாலு சக்கர வண்டி) கேள்வி-பதில்

யமஹா ராப்டர் 700 ஏடிவிக்கு 105.5 மிமீ பெரிய போர் கிட் (பெரிய பிஸ்டன் செட்) போட்டா எவ்ளோ பவர் ஏறும்? (வேளச்சேரி வாசகர்)

கம்பெனி போர், அதாவது சிலிண்டரோட உள் விட்டம், 102 மிமீ, ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல கீழ போற தூரம், 84, அதாவது 686 சிசி. 105.5 போட்டா 734. கூடுறது 50 சிசி கிட்ட, 7 சதவீதம்தான். மணல்ல கீழ் ஆர்பிஎம்ல இழுவை நல்லா தெரியும். அதுக்கு மேல வேணும்னா கேம் (வால்வைத் திறக்குற தண்டு), கம்ப்ரஷன், மேப் (பெட்ரோல் அளவு, ஸ்பார்க் செட்டிங்) எல்லாம் சேர்த்து பண்ணணும்.

சிலிண்டரை லேத்ல குடுத்து போர் பண்ணிட்டேன், பிஸ்டன் அடுத்த வாரம் வரும். க்ளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இடைவெளி) எவ்ளோ வைக்கணும்? (அம்பத்தூர்)

போர் அடிச்சப்புறம் கேக்குறீங்களே! பிஸ்டன் கைக்கு வந்து, மைக்ரோமீட்டர்ல அளந்து, கூட வர்ற ஷீட்ல போட்டிருக்க க்ளியரன்ஸுக்குத்தான் போர் பண்ணணும். ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்குன) பிஸ்டன் சூட்டுல அதிகமா விரியும், டைட்டா இருந்தா சீஸ் ஆகும், அதாவது சிலிண்டர்ல இறுகி நின்னுடும். இன்னொண்ணு, உள் சுவர்ல நிக்கசில் மாதிரி கெட்டியான பிளேட்டிங் உள்ள சிலிண்டரா இருந்தா போர் பண்ணும்போதே பிளேட்டிங் போயிடும், மறுபடி பிளேட்டிங் பண்ணணும், இல்ல ஸ்லீவ் இறக்கணும். உங்களது எதுன்னு எழுதவே இல்ல.

கார்பரேட்டர் வண்டி, கிட்டோட சொன்ன ஜெட்டே (பெட்ரோல் வர்ற சின்ன துளை) போட்டேன், ஆனா ரொம்ப சூடாகுது, ஆக்ஸிலரேட்டர் விட்டா சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது. (தாம்பரம்)

லீனா ஓடுது, அதாவது காத்துக்குத் தேவையான பெட்ரோல் போகல. நம்ம பங்க்ல இப்ப வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு காத்து-பெட்ரோல் விகிதம் 14.7, இ20-க்கு 13.5 கிட்ட, அதனால மெயின் ஜெட் ஒண்ணு ரெண்டு சைஸ் பெருசா போட்டு பிளக் கலர் பாருங்க. சைலன்சர் கேஸ்கெட் லீக்கையும் பாத்துடுங்க. சரியாகுற வரைக்கும் ஃபுல் த்ராட்டில் வேண்டாம்.

கிட் சுத்த வேஸ்ட், 25 மணி நேரம் கூட ஓடல, நீலப் புகை. கோவளம் பக்கம் மணல்லதான் ஓட்டுறேன். (திருவான்மியூர்)

பிராண்ட் பேரு, விலை, வாங்கின தேதி எல்லாம் எழுதியிருக்கீங்க, ஏர் ஃபில்டர் பத்தி ஒரு வார்த்தை இல்ல. இந்த மாதிரி எத்தனை இன்ஜினை நான் பிரிச்சிருக்கேன், பத்துல ஏழெட்டு இதே கதைதான், கிட்டைத் திட்டிக்கிட்டே வருவாங்க, ஃபில்டர் பெட்டியில இருந்து இன்ஜினுக்குக் காத்து போற ரப்பர் குழாய்க்குள்ள விரல விட்டா சந்தனம் அரைச்சு வெச்ச மாதிரி மண்ணும் ஆயிலும் குழைஞ்சு வரும். அந்த மண்ணுதான் பிஸ்டன் ரிங்கைத் தின்னுது, போர்ல நெடுக்க கோடு போடுது. பெரிய போர் கூடுதலா காத்து இழுக்கும், கூடவே கூடுதலா மணலும் வரும். ஃபோம் (ஸ்பாஞ்ச்) ஃபில்டரை ஒவ்வொரு ரைடுக்கு அப்புறமும் கழுவி, நல்லா காய வெச்சு, ஃபில்டர் ஆயிலை பிசைஞ்சு எல்லா இடத்துலயும் ஏத்தணும், உட்கார்ற விளிம்புல கிரீஸ் தடவணும். ஏர்பாக்ஸ் (ஃபில்டர் பெட்டி) மூடியைக் கழட்டிட்டு ஓட்டாதீங்க, காத்து அதிகமா வரும்னு யாராவது சொன்னாலும் சரி. ஒரு சோதனை சொல்றேன்: அந்த ரப்பர் குழாய்க்குள்ள வெள்ளை கிரீஸ் மெல்லிசா பூசிட்டு ஒரு ரைடு போங்க, திரும்பி வந்து விரலால தேய்ச்சுப் பாருங்க. நறநறன்னு இருந்தா ஃபில்டரைத் தாண்டி மணல் போகுது. அதை அடைக்காம புது ரிங் வாங்காதீங்க, காசு தண்டம்.

ஈசிஆர்ல ஓட்டலாமா? (பெயர் இல்லை)

ஆர்சி இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டக் கூடாது. பிக்கப்ல ஏத்திட்டுப் போங்க.

புது பிஸ்டன் போட்டு, வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் ஐடில்ல ஓட விட்டா ரன்னிங்-இன் (புது பாகங்க ஒண்ணோட ஒண்ணு பழகுற ஆரம்ப ஓட்டம்) முடிஞ்சிடுமா? (போரூர்)

முடியாது, கெட்டுப்போகும். லோடு இல்லாம ரிங் சிலிண்டர் சுவரோட சரியா உட்காராது, போர் கண்ணாடி மாதிரி ஆயிடும். சூடாக்கி, முழுசா ஆற விட்டு, ரெண்டு மூணு தடவை அப்படி பண்ணிட்டு த்ராட்டிலை ஏத்தி இறக்கி ஓட்டுங்க, முதல் ஆயிலை சீக்கிரமே மாத்திடுங்க. ஃபில்டரையும் அன்னிக்கே கழுவிடுங்க.