பிரெஞ்சு இலக்கியத்தில் மரண தண்டனையைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்கலாம்?

விக்டர் ஹியூகோவிலிருந்து தொடங்குங்கள். 1829இல் அவர் வெளியிட்ட 'மரண தண்டனைக் கைதியின் கடைசி நாள்' சின்ன நாவல்தான், முதலில் ஆசிரியர் பெயர்கூடப் போடாமல் வந்தது. கைதியின் பெயரோ செய்த குற்றத்தின் விவரமோ கடைசிவரை தெரியாது. வேண்டுமென்றேதான் மறைக்கிறார், தெரிந்தால் 'இவனுக்கு இது சரிதான்' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோமே. சாவதற்குமுன் பார்க்க வந்த சின்ன மகளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை, 'ஐயா' என்கிறாள், அப்புறம் கையிலிருந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுகிறாள். அது அவன் தண்டனை அறிவிப்பு! எனக்கு அதற்குமேல் படிக்க முடியாமல் மூடிவைத்தேன்.

அடுத்து, எழுத்தாளர் ஆல்பர் காம்யு 1957இல் கில்லட்டினை, அதாவது தலையை வெட்டும் இயந்திரத்தை, பற்றி எழுதிய கட்டுரை. கொலைகாரனின் தலை வெட்டப்படுவதைப் பார்க்க ஆவேசமாகப் போன அவர் அப்பா, வீடு திரும்பிப் படுத்து, வாந்தி எடுத்தாராம். பிரான்ஸ் மரண தண்டனையை ஒழித்தது 1981இல்தான்.