மாத்திரை மட்டும்தானா? – கடிதம்

டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பாவுக்கு வயது 56, விவசாயம். இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, நாலு கவளம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தஞ்சாவூரில் ரத்தம் பார்த்தோம். வெள்ளையணு 1,80,000. ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். (நாட்பட்ட மைலாய்டு வகை) என்றார்கள். ரத்தவியல் மருத்துவர் இமாட்டினிப் 400 என்ற மாத்திரையை எழுதி, தினம் ஒன்று, நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கீமோ இல்லை, அட்மிஷனும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து மூன்றே வாரத்தில் போய்விட்டான். அவனுக்கே அத்தனை வைத்தியம் பார்த்தார்களே, அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களோ என்று அம்மா அழுகிறார். ஆபரேஷன் செய்கிற கேன்சர் டாக்டரிடம் போகலாம் என்கிறார் மாமா. குறுவைக்கு அப்பா வயலில் இறங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: யாரும் கைவிடவில்லை. அந்த மாத்திரைதான் முழுச் சிகிச்சை. நோய் மெதுவாக நகரும் நாட்பட்ட நிலையிலேயே கண்டுபிடித்து, மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளுக்கு நெருக்கமாகவே இருக்கிறது.

தெருப் பையனுக்கு வந்தது அக்யூட் வகையாக இருந்திருக்கும். அதில் முதிராத அணுக்கள் நாள்கணக்கில் பெருகும். காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் கருநீலத் திட்டு என்று தொடங்கினால் அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு வந்திருப்பது வேறு நோய். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்றொரு புது மரபணு உண்டாகிவிட்டது. பலகை போடாத மதகு மாதிரி, அணு பிரிவதற்கான கட்டளை நிற்காமல் ஓடுகிறது. இமாட்டினிப் அந்த மதகில் போடுகிற பலகை. உள்ளே போன மருந்தில் பாதி சுமார் 18 மணி நேரத்தில் கழிந்துவிடும். அதனால்தான் தினமும்.

மாமா சொல்லும் ஆபரேஷனுக்கு இதில் வேலையே இல்லை. பார்க்க வேண்டியவர் எம்.டி.க்குப் பிறகு மூன்று வருடம் டி.எம். ஹெமட்டாலஜி (ரத்தவியல்) படித்தவர். டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி (புற்றுநோய்க்கு மருந்தால் வைத்தியம்) படித்தவரும் பார்ப்பார். நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் ஒரு தடவை காட்டலாம். அதற்காக அங்கேயே வீடு எடுத்துத் தங்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் தவறு நடப்பது வீட்டில்தான். மாத்திரையை நாளின் பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்து விழுங்க வேண்டும். விடியற்காலை நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குக் கிளம்பும்போது போட்டால் குமட்டும், வாந்தி வரும். இரண்டு நாள் வாந்தி எடுத்தவர் மூன்றாம் நாள் தானாகவே நிறுத்திவிடுவார். மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் படுக்க வேண்டாம். வாந்தியில் மாத்திரை முழுசாக வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தால் ஒழிய, அன்றைக்கு இன்னொன்று போடக் கூடாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு போடவும் கூடாது.

மாதத்தில் மூன்று மாத்திரைக்கு மேல் விடுகிறவர்களுக்கு நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பது ஆய்வில் தெளிவாகத் தெரிந்த விஷயம். கல்யாணம், காதுகுத்து, அறுப்பு என்று நம் ஊரில் மூன்று நாள் கைநழுவுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். அட்டையில் ஒவ்வொரு குழியிலும் தேதி எழுதிவிடுங்கள்.

இந்த மருந்தால் காலையில் கண்ணிமை வீங்கும். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நம் நிறத்தவருக்குத் தோல் கொஞ்சம் வெளுக்கும். ‘ரத்தம் சுண்டிவிட்டது’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அது மருந்தின் வேலை, ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது கவுன்ட்டை, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கையை. முதல் மாதம் வாராவாரம், அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கொரு தடவை சி.பி.சி. என்ற அந்த எண்ணிக்கைச் சோதனை பார்க்க வேண்டும். இதை உள்ளூரிலேயே செய்யலாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 1,000க்குக் கீழோ தட்டணு 50,000க்குக் கீழோ போனால் மருத்துவர் சில நாள் மாத்திரையை நிறுத்தி, ஏறியதும் மறுபடி தொடங்குவார். ‘நிறுத்து’ என்றதை மட்டும் கேட்டுக்கொண்டு, மறுபடி தொடங்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அன்றைக்கே அடுத்த தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். பம்பளிமாஸ் கூட்டிவிடும், சாப்பிட வேண்டாம். லேகியம், கஷாயம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கொரு முறை பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவு பார்ப்பார்கள். (அளக்கும் முறைக்கும் பி.சி.ஆர். என்றுதான் பெயர். முன்னது மரபணு, பின்னது சோதனை. தமிழில் இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால் குழம்ப வேண்டாம்.) 3ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள், 6ஆம் மாதம் 1 சதவீதத்துக்குள், 12ஆம் மாதம் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். கவுன்ட் சரியானதுமே குணமாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கவுன்ட் சில வாரத்திலேயே சரியாகிவிடும். அப்போதும் உள்ளே நோய் இருக்கும், அது இந்தச் சோதனையில்தான் தெரியும்.

இந்தச் சோதனையில் பார்ப்பது ஆர்.என்.ஏ., அதாவது அந்த மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல். அது குழாயில் இருக்க இருக்கச் சிதையும். டெல்டாவிலிருந்து ரத்தம் கூரியரில்தான் போகிறது. சனிக்கிழமை எடுத்தால் திங்கள்வரை கிடக்கும், முடிவை நம்ப முடியாது. திங்கள் முதல் புதனுக்குள் காலையில் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆய்வகம், ரிப்போர்ட்டில் ‘ஐ.எஸ்.’ என்று சர்வதேச அளவுகோல் குறித்திருக்க வேண்டும். ஆய்வகம் மாறினால் எண்ணும் மாறும், வீணாகப் பயம் வரும்.

எண் இறங்கவில்லை என்றால் முதலில் விட்டுப்போன மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். பிறகு மரபணுவில் மாற்றம் வந்திருக்கிறதா என்று சோதித்து டாசாட்டினிப், நிலோட்டினிப் என்று வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். நிலோட்டினிப் கொடுத்தால் பழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அது வெறும் வயிற்றில் போடுவது: முன்னால் 2 மணி நேரமும் பின்னால் 1 மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது.

ஆயுசுக்குமா என்றால், பல வருடம் மிக ஆழமாக அடங்கி இருப்பவர்களில் சிலருக்கு மருத்துவர் பார்வையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குத் திரும்பிவிடும், அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். நிறுத்தியிருக்கும் அந்தக் காலத்தில் மாதாமாதம் சோதனை வேண்டும். அப்பாவுக்கு இன்றைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த மருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நொவார்ட்டிஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. இந்திய நிறுவனங்களின் மாத்திரை அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைப்பது அதனால்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய்க் கேளுங்கள். புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வாங்க வேண்டும்.

குறுவை நடவுக்கு அப்பா வரப்பில் நின்று வேலை வாங்கலாம், நாற்று முடியும் எடுத்து வீசலாம். மூட்டை தூக்குவதும், வாய்க்கால் கரை மேடுபள்ளத்தில் பைக் ஓட்டுவதும் இப்போது கூடாது. இடது விலாவுக்குக் கீழே கனமாகத் தெரிவது பெருத்துப்போன மண்ணீரல்தான், வயிற்றில் அடிபட்டால் அது கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டும். மருந்து தொடங்கிய சில வாரங்களிலிருந்தே அது சுருங்கத் தொடங்கும். அடுத்த தடவை போகும்போது அப்பாவைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விலாவுக்குள் போய்விட்டது, கைக்குத் தட்டுப்படவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு மூட்டையைத் தொடட்டும்.