தறியும் ஏரும் தந்த ஆங்கிலச் சொற்கள்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதிலேயே என் வேலை நேரம் பாதி போய்விடும். ஆனாலும் ஆங்கிலம் என்றால் இன்னும் பயம்தான். அதைப் போக்கிக்கொள்ள ஒரு நோட்டுப் போட்டு, அழகான ஆங்கிலச் சொற்கள் என்று இணையத்தில் வருகிற பட்டியல்களைப் பார்த்து எழுதி வைக்கிறேன். பெட்ரிகோர், எஃபெமரல், செரண்டிபிட்டி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எழுதும்போது ஆசையாக இருக்கும், ஒரு வாரத்தில் மறந்துவிடும். போன மாதம் ஒரு பையர் 'வி ஆர் ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்று எழுதியிருந்தார். டெண்டர் என்றதும் ஏதோ விலைப்புள்ளி கேட்கிறார் என்று நினைத்து ரேட் அனுப்பிவிட்டேன்.

உங்களுக்குப் பிடித்த ஆங்கிலச் சொற்கள் எவை, ஏன் பிடிக்கும் என்று சொல்லுங்கள் அக்கா. இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) சென்னிமலையில் தறி நெய்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் தறி ஏறுவதில்லை. அவர் பேசுகிற தறிச் சொற்களே எனக்குப் பாதி புரியாது. அப்படி இருக்கும்போது ஆங்கிலச் சொல்லை ஆசைப்பட்டுச் சேர்த்து வைப்பது தமிழுக்குச் செய்கிற குறை மாதிரி உறுத்துகிறது. அப்படித்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
திருப்பூர்

*

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் பையர் எழுதிய சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் அதுவும் ஒன்று.

டென்டர் என்பது ஒரு மரச்சட்டம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நெய்த கம்பளித் துணியை அலசி, தட்டித் தோய்த்து எடுத்த பிறகு, அது சுருங்காமல் காய வேண்டும் என்பதற்காக வெட்டவெளியில் நீளநீளமான சட்டங்களை நட்டு அவற்றில் இழுத்து மாட்டினார்கள். சட்டத்தின் ஓரத்தில் வரிசையாக வளைந்த ஆணிகள் இருக்கும். அந்த ஆணிதான் டென்டர்ஹூக். மேலும் கீழும் இழுபட்டு, காய்ந்து முடிகிற வரை தளர முடியாமல் நிற்கிறதே துணி, அந்த நிலையில் மனசு இருக்கிறது என்று சொல்லத்தான் 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்றார்கள். சரக்கு எப்போது வரும் என்று தவித்துக்கொண்டு இருக்கிறோம் என்பதைத்தான் உங்கள் பையர் எழுதியிருக்கிறார்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். சாயமேற்றி வந்த துணி ப்ராசஸிங் யூனிட்டில் எந்த மெஷினில் ஏறுகிறது? ஸ்டென்டர். இரண்டு ஓரத்தையும் பின்னோ கிளிப்போ கவ்விப் பிடிக்க, சூடான காற்று வீசும் அறைகளுக்குள் துணி ஓடி, கேட்ட அகலத்தில் வெளியே வருகிறது. ஸ்டென்டர் என்ற பெயர் டென்டரின் இன்னொரு வடிவம்தான். மரச்சட்டம் போய் இரும்பு மெஷின் வந்தது, வெயில் போய் சூடான காற்று வந்தது, பெயர் போகவில்லை. 'துணி ஸ்டென்டர் முடிஞ்சுதாங்க?' என்று நீங்கள் வாரத்தில் பாதி நாள் போனில் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். எந்தச் சொல்லைப் பார்த்து மிரண்டீர்களோ, அது உங்கள் வாயில் ஏற்கனவே புழங்குகிற சொல்.

என் பதில் முழுக்க இதற்குள் அடங்கிவிடும். ஒரு சொல்லுக்குள் யாரோ ஒருவர் கையால் செய்த வேலை தெரிந்தால் எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போகிறது. ஏரும் தறியும் பார்த்து வளர்ந்த கொங்குநாட்டுக்காரர்களுக்கு அப்படிப்பட்ட ஆங்கிலச் சொற்கள் ஏராளம். பட்டியலிலிருந்து எழுதிக்கொண்ட சொல் ஒரு வாரத்தில் மறந்துபோவது உங்கள் நினைவாற்றலின் குறை கிடையாது. அந்தச் சொல்லில் நீங்கள் தொட்டுப் பார்க்க ஒன்றும் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நோட்டில் முதலில் இருக்கிற பெட்ரிகோரையே எடுங்கள். மண்வாசனை என்று பொருள் எழுதியிருப்பீர்கள். நமக்கு மண்வாசனை என்ற சொல்லே போதும், அதைவிட அது நல்ல சொல். ஆனால் பெட்ரிகோர் 1964-இல் இஸபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் உண்டாக்கிய சொல் என்று தெரிந்துகொண்டால் அதன் மேல் ஒரு மரியாதை வரும். வறண்டு கிடந்த களிமண்ணையும் பாறையையும் நீராவியில் வடித்து, அந்த வாசனைக்குக் காரணமான எண்ணெயைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் கல். ஐகோர் என்பது அவர்களுடைய தெய்வங்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுவதாகச் சொல்லப்படும் திரவம். கல்லுக்குள் ஓடுகிற தெய்வ ரத்தம்! சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கிற காட்டில் முதல் மழை விழும்போது நமக்குத் தோன்றுவதும் ஏறக்குறைய இதுதானே.

சரி, எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஆஃப்டர்மேத். செய்தித்தாளில் இந்தச் சொல் வந்தால் பின்னாலேயே பூகம்பம், போர், வெள்ளம் என்று ஏதாவது இருக்கும். பேரழிவுக்குப் பின்னால் மிஞ்சுவது என்ற பொருள்தான் இன்று புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இதில் வரும் 'மேத்' பழைய ஆங்கிலத்தில் புல் அறுப்பதைக் குறிக்கிற சொல். முதல் அறுப்பு முடிந்த பிறகு அதே நிலத்தில் திரும்பத் துளிர்க்கிற புல்லுக்கு ஆஃப்டர்மேத் என்று பெயர். கரும்பில் நாம் மறுதாம்பு என்று சொல்வதற்குப் பக்கத்தில் வருகிற கருத்து.

இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் ஞாபகம் வருகிறது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடு மேய்ந்து மொட்டையாகிக் கிடக்கும், அடுத்த மழைக்குப் பச்சை பிடித்துவிடும். வருஷா வருஷம் உழவும் விதைப்பும் இல்லாமல் திரும்பத் திரும்ப முளைக்கிற அந்தப் புல்லை நம்பித்தான் காங்கேயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கின்றன. அறுத்த பிறகும் வேர் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல வந்த சொல்லை, அறுபட்டதை மட்டும் சொல்கிற சொல்லாக ஆங்கிலேயர்களே மாற்றிக்கொண்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் நம் காட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கதியும் தெரியும். சோளம் அறுத்த காட்டில் கட்டையிலிருந்து கிளம்புகிற இளம் துளிரில் மாட்டை விட மாட்டார்கள். அதில் நஞ்சு இருக்கும். வயிறாரத் தின்ற மாடு கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும். மறுபடி துளிர்ப்பதெல்லாம் உடனே மேய்ச்சலுக்கு ஆகாது, முற்றட்டும் என்று காத்திருப்பார்கள். ஆஃப்டர்மேத் என்ற சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் எனக்கு அந்தச் சோளக்காட்டில்தான் ஒன்றாகப் பொருந்துகின்றன.

ஏர் சம்பந்தப்பட்ட சொற்கள் இன்னும் இருக்கின்றன. சீசன் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்? சம்மர் சீசன் ஆர்டர், மாம்பழ சீசன், கல்யாண சீசன். லத்தீனில் விதைப்பு என்று பொருள்படும் சொல் பிரெஞ்சு வழியாக வந்து இப்படி ஆகியிருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கவிதையைக் குறிக்கிற வெர்ஸ், லத்தீனில் திரும்புதல் என்ற பொருளில் வருவது. ஏர் ஒரு சாலின், அதாவது உழுத கோட்டின், கடைசிக்குப் போய்த் திரும்புவதையும், அந்த உழவுக் கோட்டையும், எழுத்தின் ஒரு வரியையும் ஒரே சொல்லால் குறித்தார்கள்.

டெலிரியம் மருத்துவச் சொல். கடும் காய்ச்சலில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுகிற நிலை. அதன் லத்தீன் வேர், உழுதுகொண்டே போகும்போது ஏர் சாலிலிருந்து விலகிப்போவதைக் குறிக்கும். எவ்வளவு பரிவான சொல் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் யாராவது ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து சம்பந்தமில்லாமல் பேசும்போது வீட்டார் பயந்துபோகிறார்கள், பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அழுகிறார்கள். சால் கொஞ்சம் கோணிவிட்டது, மாட்டைத் திருப்பிப் பிடித்தால் நேராகிவிடும் என்று அந்தச் சொல் சொல்கிறது. பெரும்பாலும் காரணத்தைக் கண்டு வைத்தியம் பார்த்தால் அவர்கள் தெளிந்தும் விடுகிறார்கள்.

தறிப் பக்கம் வந்தால் முதலில் க்ளூ. துப்பறியும் கதைகளில் வருகிற அதே க்ளூதான். அதன் பழைய பொருள் நூலுருண்டை. கிரேக்கக் கதை ஒன்று இருக்கிறது. கிரீட் தீவில், உள்ளே போனவர் திரும்பி வர முடியாதபடி சுற்றிச் சுற்றிக் கட்டிய மாளிகைக்குள் பாதி மனிதனும் பாதி மாடுமான ஒரு பிறவி அடைபட்டிருக்கிறது. அதைக் கொல்லப் போகிற தீசியஸிடம் அரியாட்னி என்ற இளவரசி ஒரு நூலுருண்டையைக் கொடுத்து அனுப்புகிறாள். வாசலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நூலை விட்டுக்கொண்டே போனவன், வேலையை முடித்து அதே நூலைப் பிடித்துத் திரும்பி வருகிறான். வழி காட்டுகிற எதற்கும் க்ளூ என்று பெயர் வந்தது இந்தக் கதையால்தான். தீசியஸின் வாளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த ஆங்கிலச் சொல் நூலை நினைவில் வைத்திருக்கிறது. கட்டாந்தரையில் உட்கார்ந்து சிக்கு எடுத்து நூல் முனையைத் தேடிப் பிடித்த ஒவ்வொரு நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கும் அந்த இளவரசி சொந்தக்காரிதான்.

ஷட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவுக்குத்தான் அந்தப் பெயர், அதற்கும் முன்னால் எறியப்படும் அம்பைப் போன்ற ஆயுதத்துக்கு. இங்கேயும் அங்கேயும் போய்வருவதால் பஸ்ஸுக்கும் பூப்பந்துக்கும் விண்கலத்துக்கும் அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஷாடி என்று ஒரு சொல் உண்டு. மட்டமானது, ஏனோதானோவென்று செய்தது என்று இன்றைக்குப் பொருள். உங்கள் பையர்கள் இந்தச் சொல்லை உங்களுக்கு எழுத வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும். ஆனால் முதலில் அது, பழைய கம்பளிக் கிழிசல்களை நார் நாராகப் பிரித்துத் திரும்ப நூற்ற நூலின் பெயர். 1813 வாக்கில் யார்க்‌ஷயரில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் ஆரம்பித்த தொழில் அது. குப்பைக்குப் போக வேண்டியதைத் துணியாக்கியவர்களின் சொல் வசைச்சொல்லாகிப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் எங்கே போகிறது என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். அதைக் கிழித்துப் பஞ்சாக்கித் திரும்ப நூலாக்குகிற ஓ.இ. (ஓபன் எண்ட்) நூல் மில்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. நிறத்துக்கு நிறம் பிரித்து எடுத்தால் அந்த நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஷாடி கௌரவமான வேலையின் பெயர். நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன்.

இப்போது உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். டெக்ஸ்ட் என்ற சொல்லும் டெக்ஸ்டைல் என்ற சொல்லும் லத்தீனில் 'நெய்' என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அவர்கள் எழுதுவதை நெசவாகப் பார்த்தார்கள். இழை, புத்தகம் இரண்டுக்கும் நாம் ஒரே சொல் வைத்திருக்கிறோம், நூல் என்று. இது தற்செயலாக அமைந்த ஒலி ஒற்றுமை என்று விட்டுவிட நம் இலக்கணக்காரர் இடம் வைக்கவில்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவரை நம் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்று அவர் விளக்குகிறார். சொற்கள் பஞ்சு. புலவன் நூற்கிற பெண். அவன் வாய் அவள் கை. அவன் அறிவு கதிர். கதிர் என்றால் நூற்கிற கருவியில் சுழல்கிற பாகம். இன்றைக்கும் ஸ்பின்னிங் மில்லின் அளவைச் சொல்லும்போது இத்தனை ஆயிரம் கதிர்கள் என்றுதான் சொல்கிறோம். ஒரு புலவனை, ராட்டை முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணாகப் பார்க்க அவருக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

இதெல்லாம் எனக்கு டெக்ஸ்ட் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனபோதுதான் மனதில் உறைத்தது. பள்ளியில் நன்னூலை மனப்பாடம் செய்தபோது உறைக்கவில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லை ஆசையாகச் சேர்ப்பதில் எந்தக் குறையும் இல்லை, தாராளமாகச் சேருங்கள். ஆனால் உங்கள் நோட்டின் முறையை மட்டும் மாற்றுங்கள். சொல்லுக்கு நேராகப் பொருளை எழுதி நிறுத்திவிடாமல், அது எந்த வேலையிலிருந்து வந்தது, அந்த வேலைக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். நல்ல ஆங்கில அகராதிகளில் சொல்லின் பிறப்பு கொடுத்திருப்பார்கள். அதுதான் முதலில் படிக்க வேண்டிய பகுதி.

அந்த இரண்டாவது வரிக்கு உங்களுக்கு அப்பிச்சி வேண்டும். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, தார் இவ்வளவு எனக்குத் தெரியும். அச்சுப் பிணைக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் என்ன சொல்வார்கள், இழை அறுந்தால் போடுகிற முடிச்சுக்கு என்ன பெயர், பாவில் கஞ்சி கூடினாலும் குறைந்தாலும் துணி எப்படி இருக்கும் என்று சொல்வதற்கு என்ன சொல் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கண் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். பழைய தறிச்சாமான் ஏதாவது வீட்டில் இருந்தால் அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னிமலை போனால் இரண்டு மணி நேரம் அவருக்காக ஒதுக்குங்கள். கிடைத்ததை எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடலாம்.

அப்புறம், அந்த பையருக்கு இன்னும் சரியான பதில் போகவில்லை என்றால், துணி ஸ்டென்டரிலிருந்து இறங்கி எந்தத் தேதியில் கட்டிங்குக்குப் போகிறது என்பதை இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் கேட்டது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா