வெள்ளைப்படுதலும் அரிப்பும் உடல் சூட்டால் வருவதுதானா? மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

மூன்று மாதமாக அரிப்பு, வீட்டில் எல்லோரும் "உடல் சூடு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனைக்குக் கிளம்பினால் "எதற்கு" என்று நான்கு பேர் கேட்கும் வீடு என்றே நினைக்கிறேன். தயவுசெய்து போய்விடுங்கள். நான் எட்டு மாதம் போகாமல் இருந்தவள்.

அப்போது எனக்கு 38 வயது. ஜவுளிக் கடையில் வேலை. அத்தை ஊறவைத்த வெந்தயம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். வெந்தயத்தை நான் குறை சொல்லவில்லை, இன்றும் சாப்பிடுகிறேன். அரிப்புதான் அடங்கவில்லை. சுத்தம் போதவில்லையோ என்று பயந்து, கிருமிநாசினி கலந்த வெந்நீரால் உள்ளே வரை கழுவினேன். அங்கே புளிப்புத் தன்மையைக் காத்து நிற்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தோல் புண்ணாகி, சிறுநீர் பட்டாலே எரிந்தது. மருந்துக் கடை மாத்திரையில் பத்து நாள் அடங்கும், பிறகு மறுபடி வரும்.

எதிர் வீட்டு நர்ஸ் அக்காதான் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தயிர்த் திப்பி போல வந்து அரிப்பு மிகுந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சாம்பல் வெள்ளையாக நீர்த்து மீன் வாடை அடித்தால் பாக்டீரியா. மஞ்சள் பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், அதற்குக் கணவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். பூஞ்சைக்கான மருந்து மற்ற இரண்டுக்கும் கேட்காது. பார்வையை மட்டும் நம்பாமல் பஞ்சுக் குச்சியில் கசிவெடுத்துச் சோதித்தார். எனக்குப் பூஞ்சை. திரும்பத் திரும்ப வருகிறதே என்று சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் 240. அன்றுவரை எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாது. ஆறு இரவு உள்ளே வைக்கும் மாத்திரை தந்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகுதான் தொல்லை முழுதாக விட்டது.

உங்களுக்கும் சர்க்கரை என்று நான் சொல்லவில்லை. நான் மருத்துவரும் அல்ல. வாசனைச் சோப்பு ஒத்துக்கொள்ளாமலும் அழற்சி வரும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து வறட்சியாலும் வரும். இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: எழுதாததால்தான் நான் எட்டு மாதம் எரிந்தேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையிலும் முக்காலி போட்டார்கள். அதன் மேல் புடவைக் கட்டுகளை அடுக்கினார்கள். நாற்பது பெண்களுக்கு ஒரே கழிப்பறை. மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். விலக்கான நாளிலும் அப்படித்தான். அந்த ஈரத்தோடு பத்து மணி நேரம் நின்ற கோபம் இன்னும் தணியவில்லை.

மருத்துவமனையில் சீட்டுப் போடும் இடத்தில் என்ன நோய் என்று உரக்கக் கேட்டால் "மகளிர் மருத்துவம்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். முந்தைய நாள் உள்ளே எந்த மருந்தும் வைக்காதீர்கள், கழுவாதீர்கள். சோதனையில் தெரியாமல் போய்விடலாம். நாள் தள்ளியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பிணிகளுக்குச் சில மாத்திரைகள் ஆகாது.