முதல் பேனா எது? காலிகிராஃபி கேள்வி பதில்

கேள்வி: காலிகிராஃபி, அதாவது அழகெழுத்து பழக ஆசை. ஆன்லைனில் பன்னிரண்டு நிப், இரண்டு கைப்பிடி, ஐந்து கலர் மை சேர்ந்த செட் ஒன்று பார்த்தேன். வாங்கலாமா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

வாங்காதீர்கள். எந்த நிப் எதற்கு என்று புரிவதற்குள் பாதி துருப்பிடித்துவிடும். முதலில் எந்த மாதிரி எழுத்து பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் மெலிந்தும் தடித்தும் வளைந்து ஓடுகிறதே, அந்தக் காப்பர்பிளேட் வகைக்குக் கூர்முனை நிப் வேண்டும். கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை பிளந்து கோடு தடிக்கும், மேலே போகும்போது இறகு மாதிரி லேசாகப் போகவேண்டும். பால்பாயின்ட் பேனாவை அழுத்தியே பழகிய விரலுக்கு இது கஷ்டம், முனை தாளில் குத்திக்கொண்டு மை தெறிக்கும். அதனால் பட்டை நிப்பில் ஆரம்பியுங்கள் என்பேன். அதில் அழுத்தவே வேண்டாம், நிப்பின் பட்டை முனை எழுதும் வரிக்கு ஒரே சாய்வில் இருக்கும்படி பேனாவைப் பிடித்தால் தடிப்பும் மெலிவும் தானாக வரும்.

வாங்குவதென்றால் பைலட் பேரலல் பேனா, 2.4 மி.மீ. அளவு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மை இறங்கும், தொட்டுத் தொட்டு எழுதும் வேலை இல்லை. காசு போடுவதற்கு முன்னால் பார்க்கவேண்டுமா? இரண்டு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு முனையும் பட்டை நிப்பின் இரண்டு ஓரங்கள் மாதிரி வேலை செய்யும், எழுத்து எங்கே தடிக்கிறது எங்கே மெலிகிறது என்பது அப்படியே கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம் இதிலேயே எழுதினாலும் நஷ்டமில்லை.

பேனா வந்ததும் ஒரு கூட்டல் குறி போடுங்கள். குறுக்கும் நெடுக்கும் ஒரே தடிமனாக வந்தால் சாய்வு 45 டிகிரி, வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த இட்டாலிக் எழுத்துக்கு ஏற்றது. படுக்கைக்கோடு மெலிந்து, செங்குத்துக் கோடு தடித்திருந்தால் 30 டிகிரிக்குப் பக்கம். எழுத்தின் உயரத்தையும் நிப்பின் அகலத்தால்தான் அளப்பார்கள். இட்டாலிக்குக்கு ஐந்து மடங்கு, அதாவது 2.4 நிப்புக்கு 12 மி.மீ. லண்டன் சுரங்க ரயிலுக்கு 1916ல் எழுத்து வடிவமைத்த எட்வர்ட் ஜான்ஸ்டன் பழகுபவர்களுக்கென்று கற்றுத்தந்த உருண்டை எழுத்துக்கு நான்கு மடங்கு, சாய்வு 30. கோடு போடாமல் எழுதாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: நல்ல பேனாதான், ஆனாலும் எழுத்தைச் சுற்றி மை ரோமம் மாதிரி பரவுகிறது. (இல்லத்தரசி, கரூர்)

குறை தாளில். தாளில் பசை சரியாக ஏறியிருந்தால்தான் மை மேலேயே நின்று காயும், இல்லையென்றால் நாருக்குள் ஓடிவிடும். தாளின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் எண் கூடுதலாக இருந்தால் போதும் என்பார்கள், நம்பவேண்டாம், கனமான சார்ட் பேப்பரே மையைக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பேனாவைக் கடைக்கே கொண்டுபோய் ஒரு தாள் கேட்டு வாங்கி, ஒரு தடித்த கோடு இழுத்து, அரை நிமிடம் விட்டு ஓரத்தைப் பாருங்கள், அப்புறம் திருப்பிப் பின்பக்கத்தையும் பாருங்கள். கத்தியால் வெட்டியது மாதிரி ஓரம் நின்றால் அந்தத் தாளையே கட்டாக வாங்கிவிடலாம்.

கேள்வி: கறுப்பு அடர்த்தியாக வர, பேனாவில் இந்தியன் இங்க் ஊற்றலாமா? (ஓவிய ஆசிரியர், விருதுநகர்)

கூடாது சார். அதில் இருக்கும் அரக்கு காய்ந்தால் கல். நான் ஒருமுறை ஊற்றி, நல்ல பேனா ஒன்று மை இறங்கும் வழி அடைத்துப்போய், இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்தும் திரும்பவில்லை, இன்றைக்கும் வருத்தம்தான். தொட்டு எழுதும் நிப்புக்கு அந்த மை சரி, எழுதி முடித்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள். புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், பற்பசை தொட்டுப் பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்த பிறகே மையில் தொடுங்கள். இல்லாவிட்டால் மை முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

கேள்வி: தமிழ் எழுத்துக்குப் பட்டை நிப் பேனா ஒத்துவருமா? (வாசகர், தஞ்சாவூர்)

நன்றாக வரும், ஆனால் ஆங்கிலத்துக்குச் சொன்ன அளவை அப்படியே எடுக்காதீர்கள். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, கோடு எங்கும் ஒரே தடிமன். தடிப்பு எங்கே மெலிவு எங்கே என்பதை நாம்தான் தேடிப் பிடிக்கவேண்டும், எனக்கு இதில்தான் ருசியே. முதலில் 'ட' எழுதுங்கள், ஒரு இறக்கம், ஒரு படுக்கை, முடிந்தது. அடுத்து 'ப'. கடைசிக் கோட்டை மேல்நோக்கித் தள்ளினால் நிப் தாளைப் பிறாண்டும், அதனால் பேனாவை எடுத்து அந்தக் கோட்டை மேலிருந்து கீழே இழுத்துச் சேருங்கள். 'ண', 'ணை' வரும்போது ஐந்து மடங்கு உயரத்தில் சுழிகள் மையில் மூடிக்கொள்ளும். நான் ஏழு மடங்கு எடுக்கிறேன், 2.4 நிப்புக்கு 17 மி.மீ. அளவில் கோடு போட்டால் சுழிக்குள் வெள்ளை தெரியும்.