டார் பிரிட்ஜை விலைக்கு வாங்காதீர்கள், முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: நேரடியாக இணைய முடியாததால் டார் பிரவுசரை (அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலாவ உதவும் உலாவி) எப்போதும் ஓபிஎஃப்எஸ்4 பிரிட்ஜ் (தடையைத் தாண்டி டாருக்குள் நுழைய உதவும் சர்வர்; ஓபிஎஃப்எஸ்4 என்பது அதன் உருமறைப்பு முறை) வழியாகத்தான் பயன்படுத்துவேன். வேலை மாறி வேறு நாட்டுக்கு வந்ததிலிருந்து இணைப்பு 2 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. இன்னொரு வகை பிரிட்ஜான ஸ்னோஃப்ளேக் போட்டால் மெதுவாகவாவது இணைகிறது. கணினிக் கடிகாரத்தை வந்த அன்றே இந்த ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டேன், கைப்பேசியும் அதே நேரத்தைத்தான் காட்டுகிறது. டெலிகிராமில் ஒருவர் மாதச் சந்தாவுக்கு ‘ப்ரீமியம் பிரிட்ஜ்’ தருகிறேன் என்கிறார், கூடவே எல்லாம் அமைத்து வைத்த டார் பிரவுசரும் தருவாராம். அதை நிறுவும்போது மட்டும் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டுமாம். வாங்கலாமா? இன்னொன்று: ஸ்னோஃப்ளேக்கில் இணைந்த பிறகும் சில தளங்கள் ‘403’ என்று திருப்பி அனுப்புகின்றன. இணைப்பு முழுமையாக ஆகவில்லையா?

பதில்: வாங்காதீர்கள். அந்த ஆளோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள். அவரைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கோளாறுக்கான துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஸ்னோஃப்ளேக் இணைகிறது, ஓபிஎஃப்எஸ்4 இணையவில்லை.

ஸ்னோஃப்ளேக் இணைகிறது என்றால் உங்கள் இணையம் சரியாக இருக்கிறது, டார் பிரவுசர் கெடவில்லை, ஆன்டிவைரஸும் பெரும்பாலும் குறுக்கே நிற்கவில்லை. ஆகவே பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதில் பயனில்லை. ஓபிஎஃப்எஸ்4 மட்டும் படுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் மிச்சம். ஒன்று, நீங்கள் வைத்திருக்கும் பிரிட்ஜின் முகவரி அங்கே தடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த பிரிட்ஜே நின்று போயிருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கணினியின் நேரம் தவறாக இருக்க வேண்டும். நாடு மாறிய அன்று தொடங்கிய கோளாறு என்பதால் நான் முதலில் நேரத்தைத்தான் சந்தேகிப்பேன்.

‘அதுதான் கைப்பேசியோடு ஒத்துப் போகிறதே’ என்பீர்கள். பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். திரையின் மூலையில் தெரியும் நேரத்தை டார் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை. கணினி அந்தப் பொது நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறது? திரையில் உள்ள நேரத்திலிருந்து, அமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நேர மண்டலத்தின் வித்தியாசத்தைக் கழித்துக்கொள்கிறது. ஊர் மாறியதும் மண்டலத்தை மாற்றாமல், நேரத்தை மட்டும் கையால் நகர்த்தி வைத்தால் அந்தக் கணக்கு குலைந்து போகும்.

ஒரு உதாரணம். பழைய இடம் யுடிசியைவிட 3 மணி நேரம் முன்னால் இருந்தது, புதிய இடம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அங்கே மாலை 6 மணி, அதாவது உண்மையான பொது நேரம் காலை 10. நீங்கள் கடிகாரத்தை மாலை 6-க்கு நகர்த்திவிட்டீர்கள், மண்டலம் மட்டும் பழையபடி. கணினி 6-லிருந்து 3 மணி நேரத்தைக் கழித்து, பொது நேரம் பிற்பகல் 3 என்று முடிவு செய்யும். திரையில் எல்லாம் சரி, உள்ளே 5 மணி நேரப் பிழை. கைப்பேசி தானாகவே மண்டலத்தை மாற்றிக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகப்பு நேரம் ஒன்றாகத்தான் தெரியும், பிழை தெரியவே தெரியாது.

சரி, அந்த 5 மணி நேரத்தால் ஓபிஎஃப்எஸ்4-க்கு என்ன? டாரில் போக்குவரத்தைக் கைமாற்றிவிடும் சர்வர்களுக்கு ரிலே என்று பெயர். அந்த ரிலேக்களின் பட்டியலை, அடைவு அதிகார சர்வர்கள் எனப்படும் 9 சர்வர்கள் மணிக்கு ஒரு முறை சேர்ந்து வெளியிடுகின்றன. ஒரு பட்டியலின் ஆயுள் 3 மணி நேரம். இதில் டார் கொஞ்சம் இளக்கம் காட்டும், சில மணி நேரப் பிழையோடும் இணைந்துவிடுவது உண்டு. ஓபிஎஃப்எஸ்4 அப்படி விட்டுக்கொடுக்காது. உங்கள் கணினி பிரிட்ஜுக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே அப்போதைய மணிக் கணக்கு கலந்திருக்கும். பிரிட்ஜ் தன் கடிகாரத்தோடு அதை ஒப்பிடும். ஒரு மணி முன்பின் என்றால் ஏற்கும், அதைத் தாண்டினால் ஏற்காது. தடை போடுபவர்கள் ஒரு பயனரின் பழைய செய்தியைப் பிடித்து வைத்து, பிறகு அதையே திரும்ப அனுப்பி ‘இது பிரிட்ஜா?’ என்று சோதிப்பதுண்டு. அதற்கு எதிரான காப்பு இது. ஏற்க முடியாத செய்தி வந்தால் பிரிட்ஜ் காரணமும் சொல்லாது, பதிலும் சொல்லாது. வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் ‘நேரம் தவறு’ என்று உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஸ்னோஃப்ளேக்கில் இந்த மணிச் சோதனை இல்லை, அதனால் அது ஓடுகிறது.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். 2 விழுக்காட்டில் நிற்கும்போது டாரின் பதிவில் (லாக்) ‘கனெக்டெட் டு ப்ளக்கபிள் டிரான்ஸ்போர்ட்’ என்று வருகிறதே, அதைப் படிப்பவர் பிரிட்ஜோடு இணைப்பு கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பார்? உண்மையில் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் உருமறைப்பு நிரலை டார் தொட்டுவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். வெளியே ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்காது. 10 விழுக்காட்டுக்கு வந்தால்தான் முதல் ரிலேயை நெருங்கியதாகச் சொல்ல முடியும். இவ்வளவு நுணுக்கமாக மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள், தவிப்பவருக்குப் புரியும்படி ஒரு வரி எழுதியிருக்கலாம். இந்த இருட்டில்தான் டெலிகிராம் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. தேதி, நேர அமைப்புக்குப் போய் முதலில் நேர மண்டலத்தை இப்போதைய இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றியதும் திரையில் நேரம் தாறுமாறாகக் குதிக்கும், பயப்படாதீர்கள். அப்புறம் நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்கி, உடனே ஒத்திசைக்கச் சொல்லுங்கள். கையால் எதையும் நகர்த்த வேண்டாம். விண்டோஸில் கூடுதல் கடிகாரம் சேர்க்கும் வசதி உண்டு. அதில் யுடிசியைத் தேர்ந்தெடுத்து, உலக நேரம் காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் உள்ள யுடிசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கடிகாரம் சரி என்று பொருள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போதும் இந்தப் பிழை வரும். அணைத்துப் போட்டதும் நேரம் பின்னுக்குப் போகிறது என்றால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். நேரம் சரியானதும் டார் பிரவுசரை முழுதாக மூடித் திறந்து, பழைய ஓபிஎஃப்எஸ்4 பிரிட்ஜையே முயன்று பாருங்கள்.

நேரம் சரியான பிறகும் 2-லேயே நின்றால் முகவரி தடுக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரோடு சேர்ந்தே வரும் பிரிட்ஜ்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், தடை போடுபவர்களுக்கும் அவை தெரியும். அமைப்புகளில் ‘கனெக்‌ஷன்’ பகுதிக்குப் போய்ப் புதிய பிரிட்ஜ் கேளுங்கள். அங்கேயே கிடைத்துவிடும். டாரை உருவாக்கும் ‘டார் திட்டம்’ அமைப்பே டெலிகிராமில் ‘கெட்பிரிட்ஜஸ்பாட்’ என்ற, தானாகப் பதில் தரும் பாட் வைத்திருக்கிறது. ஜிமெயில் அல்லது ரைஸ்அப் கணக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியும் பெறலாம். பிரிட்ஜின் முகவரி ஒரு நீள வரியாக வரும், அதை முழுசாக நகலெடுங்கள். அரட்டைச் செயலிகள் அந்த வரியை இரண்டாக உடைத்துவிடுவதுண்டு, ஓர் எழுத்து குறைந்தாலும் இணைப்பு வராது. ஓபிஎஃப்எஸ்4 எதுவுமே ஓடவில்லை என்றால் வெப்டன்னல் பிரிட்ஜ் கேட்டுப் பாருங்கள். 2024-இல் அறிமுகமான அது, சாதாரண இணையதளப் போக்குவரத்துபோலத் தோற்றம் காட்டும்.

இத்தனையும் இலவசம் என்பதைக் கவனித்தீர்களா? பிரிட்ஜ்களை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். தங்கள் சர்வரையும் அலைவரிசையையும் முன்பின் தெரியாத மனிதர்களுக்காகத் தருகிறார்கள். டார் திட்டம் லாப நோக்கமற்ற அமைப்பு, பிரவுசருக்கோ பிரிட்ஜுக்கோ அது கட்டணம் வாங்குவதில்லை. அப்படியிருக்க ‘ப்ரீமியம்’ என்றால் என்ன? அதே கெட்பிரிட்ஜஸ்பாட்டில் இலவசமாக வாங்கிய வரியை உங்கள் தலையில் கட்டுவதாக இருக்கலாம். ஒரே வரியை நூறு பேருக்கு விற்றால் அது சீக்கிரம் கண்ணில் பட்டுத் தடுக்கப்படும், நீங்கள் மறுபடி அவரிடமே போய் நிற்பீர்கள். சந்தா ஓடும்.

அவரே சொந்தமாக நடத்தும் பிரிட்ஜ் என்றால் இன்னும் மோசம். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பிரிட்ஜ் நடத்துபவருக்குத் தெரியாது, போக்குவரத்து அடுக்கடுக்காக மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் ஐபி முகவரியும், எப்போது டாருக்குள் நுழைகிறீர்கள் என்பதும் தெரியும். முகம் தெரியாத தன்னார்வலரிடம் அந்த விவரம் இருப்பது வேறு, சந்தா வாங்கியவரிடம் இருப்பது வேறு. இவரிடம் நீங்கள் பணம் கட்டிய கணக்கும், அதிலுள்ள பெயரும், டெலிகிராம் அறிமுகமும் சேர்ந்தே இருக்கின்றன. அடையாளத்தை மறைப்பதற்காக டாருக்கு வருகிற ஒருவர், டாரைப் பயன்படுத்துகிறார் என்ற செய்தியைத் தன் பெயரோடு சேர்த்து, கட்டணமும் கட்டி ஒப்படைப்பதா?

எல்லாம் அமைத்து வைத்த பிரவுசர் இதைவிடப் பெரிய கண்ணி. இது கற்பனைப் பயம் இல்லை. 2019-இல் ரஷ்ய மொழிப் பயனர்களைக் குறிவைத்துப் பரப்பப்பட்ட போலி டார் பிரவுசர் ஒன்றை ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. அதை நிறுவியவர்கள் பணம் செலுத்தும்போது, அந்தப் போலியைப் பரப்பியவர்கள் பெறுபவரின் பிட்காயின் முகவரியை மாற்றித் திருடியிருக்கிறார்கள். 2022-இல் காஸ்பர்ஸ்கி என்ற இன்னொரு பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்த இன்னொரு போலி, சீன மொழி யூடியூப் காணொளி ஒன்றின் கீழே இருந்த இணைப்பு வழியாகப் பரவியது. உண்மையான டார் பிரவுசர் மூடியதும் உலாவல் வரலாற்றை அழித்துவிடும். அந்தப் போலியோ வரலாற்றையும், படிவங்களில் தட்டியதையும் சேமித்து வைத்தது, உளவு நிரலையும் இறக்கிக்கொண்டது. வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் தெரியாது, இணைப்பும் ஒழுங்காகக் கிடைக்கும். இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்பவர் நல்லவராக இருக்கவே முடியாது. அதேபோல, ‘நானே உள்ளே வந்து சரிசெய்கிறேன்’ என்று தொலைவிலிருந்து உங்கள் திரையைக் கையாளும் செயலியை நிறுவச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். டார் பிரவுசரை டார்ப்ராஜெக்ட் டாட் ஓஆர்ஜி தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் ‘டார்’ என்று தட்டி, மேலே விளம்பரமாக வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். காசு கொடுத்தவரைத் தூக்கி முதலிடத்தில் வைத்துவிட்டு, அவர் யார் என்று விசாரிக்காத அந்த ஏற்பாட்டின் மீது எனக்குக் கடும் கோபம் உண்டு. தளம் தடுக்கப்பட்டிருந்தால் டார் திட்டத்தின் ‘கெட்டார்’ மின்னஞ்சல் சேவைக்கு உங்கள் இயங்குதளத்தின் பெயரை எழுதி அனுப்பினால், பதிவிறக்கும் இணைப்புகள் பதிலாக வரும்.

அந்த ஆள் கொடுத்த பிரவுசரை ஏற்கெனவே நிறுவிப் பார்த்துவிட்டீர்களானால், அதை நீக்குவது மட்டும் போதாது. ஆன்டிவைரஸை இயக்கி முழுச் சோதனை நடத்துங்கள். அதில் நுழைந்த கணக்குகளின் கடவுச்சொற்களை வேறொரு நம்பகமான கருவியிலிருந்து மாற்றுங்கள்.

இனி அந்த 403. உங்கள் இணைப்பில் குறை ஏதும் இல்லை. போக்குவரத்து வெளியேறும் கடைசி ரிலேக்களின் முகவரிகள் பொதுவெளியில் உள்ள பட்டியல், பல தளங்கள் அதைப் பார்த்து மொத்தமாகக் கதவை அடைத்துவிடுகின்றன. ஒருவர் செய்த அடாவடிக்கு ஒழுங்காக வருகிற எல்லோருக்கும் தண்டனை. சோம்பேறித்தனமான ஏற்பாடுதான், ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்றுதான்: முகவரிப் பட்டையில் உள்ள சர்க்யூட் பொத்தானை அழுத்தி, அந்தத் தளத்துக்குப் புதிய பாதை கேளுங்கள். வேறு ரிலே வழியாகப் போகும்போது பல சமயம் திறந்துவிடும். ‘நியூ ஐடென்டிடி’யை அழுத்திவிடாதீர்கள், திறந்திருக்கும் எல்லாத் தாவல்களும் மூடிக்கொள்ளும்.

எதற்கும் வழிக்கு வரவில்லை என்றால், ‘கனெக்‌ஷன்’ பகுதியின் அடியில் உள்ள டார் பதிவைத் திறந்து, நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த விழுக்காட்டில் நின்றது, அதற்கு அடுத்த எச்சரிக்கை வரி என்ன என்பது எனக்கு வேண்டும். அனுப்பும் முன் அதில் பிரிட்ஜ் முகவரி இருந்தால் அழித்துவிடுங்கள், அது எனக்கும் தேவையில்லை.