அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். உதவி, ஆதரவு எங்கே கிடைக்கும்?

நானும் டயாலிசிஸ் நோயாளிதான், திருநெல்வேலி. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம்.

முதலில் பணத்துக்கு வழி பார்த்துவிடுங்கள். அது இழுபறியாக இருக்கும்வரை யார் ஆறுதல் சொன்னாலும் மனசில் ஏறாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வருமான வரி கட்டும் வீடு என்றால், பழைய வரி முறையில் இந்தச் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு உண்டு. சிகிச்சைக்காக ரயிலில் போனால் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் சிறுநீரக நோய் கிடையாது. இதற்குச் சான்று வாங்கித் தருகிறேன் என்று எந்த புரோக்கராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதில் பாதியை எனக்குச் சொன்னது பக்கத்து மெஷின் அண்ணாச்சி. "தம்பி, பிஸ்டுலா போட்ட கையில பி.பி. பாக்க விடாதே, ரத்தம் எடுக்க விடாதே, அந்தக் கையைத் தலைக்கு வச்சுத் தூங்காதே" என்று முதல் வாரமே பாடம் எடுத்தார். பிஸ்டுலா என்றால் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துவைத்திருக்கும் இடம். காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்கவும் அவர்தான் பழக்கினார். உள்ளே செல்போன் வைப்ரேட் ஆகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்க வேண்டும். அது நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உங்கள் அம்மாவை யூனிட் வாசல் பெஞ்சில் மற்றவர்களோடு உட்காரச் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைய காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுத் தாளிக்கும் கதையெல்லாம் அங்கேதான் ஓடும். அளவை மட்டும் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்து சொந்தபந்தம். பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் சாத்துக்குடியும் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அவற்றில் உள்ள பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். என் வீட்டுக்காரி சிரித்த முகத்தோடு வாங்கி, "அவுகளுக்கு ஆகாது சித்தி, பிள்ளைகளுக்குக் குடுத்துருதேன்" என்று உள்ளே வைத்துவிடுவாள். இந்துப்பு போட்டால் ஒன்றும் செய்யாது என்பார்கள். அதுவும் உப்புதான், நம்பாதீர்கள்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்பவர்களைச் சும்மா விடாதீர்கள். "செவ்வாய்க்கிழமை அப்பாவை வண்டியில கூட்டிட்டு வர முடியுமா?" என்று கிழமையோடு கேளுங்கள். என் மச்சான் அப்படித்தான் மாட்டினார், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அப்பா எரிந்து விழுந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீர் அளவைச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் ஒவ்வொரு டம்ளருக்கும் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். அது எங்களுக்குத் தாகத்தைவிடக் கொடுமை. நாள் கணக்கில் பேசாமல், சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், உங்களுக்காகவும்.

மாற்று அறுவை சிகிச்சைக்கு அப்பாவின் உடம்பு தாங்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். உறுப்புக்கான பதிவு மருத்துவமனை வழியாகத்தான் நடக்கும், வரிசையும் நீளம்.